ஓய்வு பெற்ற பெற்றோர் ஒரு நாள் ஆற்றோரமாக நடந்துவர காவிரி டெல்டாவில் நல்ல பாதை எது?

அப்பா அம்மா இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, தினமும் காலையில் தெருவில் நடப்பவர்கள், மலை கிலை எல்லாம் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் ஆற்றோரமாகவே ஒரு பகல் முழுக்க நடந்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தால் போதும் என்கிறார்கள், எங்கே அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கணபதி அக்ரகாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காவிரியின் வடகரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே திங்களூர், திருப்பழனம் வழியாகத் திருவையாறு வரை. ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். கோயில் சுற்றுவது, டீக்கடை பெஞ்சில் உட்காருவது, வாய்க்கால் மதகில் நின்று வேடிக்கை பார்ப்பது எல்லாம் சேர்த்தால் ஒரு பகல் சரியாக இருக்கும்.

நாங்களும் ஓய்வு பெற்ற ஜோடிதான். நான் தபால் ஆபீஸ், வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கம். வேலையில் இருந்த காலம் முழுக்க இந்த ஊர்ப் பெயர்களை நான் தபால் முத்திரையில் பார்த்தேன், அவர் கடன் பேரேட்டில் பார்த்தார். கால் வைத்து நடந்தது எல்லாம் ஓய்வுக்குப் பிறகுதான்.

இந்தப் பாதையைச் சொல்வதற்குக் காரணம் அழகு இல்லை. தண்ணீர் ஓடுகிற மாதத்தில் டெல்டாவில் எந்தக் கரையும் அழகுதான். காரணம் பஸ். திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகும் சாலை இந்தக் கரையை விட்டு ரொம்பத் தூரம் விலகுவதே இல்லை. எந்த மரத்தடியில் முழங்கால் போதும் என்கிறதோ அங்கிருந்து சாலைக்கு ஏறி நின்றால் ஏதாவது ஒரு பஸ் வரும். பாதியில் நிறுத்தலாம் என்று தெரிந்திருந்தால் முழுசாக நடப்பது சுலபமாக இருக்கிறது. இது எனக்கு மட்டும்தானா தெரியவில்லை, எங்கள் தெருவில் கூட வருகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கொள்ளிடக் கரைக்குப் போங்கள், விஸ்தாரமாக இருக்கும், போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். விஸ்தாரம் உண்மைதான். காவிரியின் வெள்ளத்தை வாங்கிக்கொள்வதற்கென்றே இருக்கிற ஆறு அது. ஆனால் உயரமான கரையில் நடுவில் நிற்கும்போது தலையைச் சுற்றினால் உட்கார நிழல் இருக்காது, கூப்பிட ஆள் இருக்க மாட்டார்கள். இளவட்டங்கள் போகட்டும்.

காவிரி அப்படி இல்லை. மற்ற ஆறெல்லாம் கடலை நெருங்க நெருங்க அகலும், இது சிறுத்துக்கொண்டே போகும். முக்கொம்புக்கு மேலே அகண்ட காவிரி. கல்லணையில் வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பங்கு பிரித்து, வழியில் குடமுருட்டி, அரசலாறு என்று இன்னும் கொடுத்து, பூம்புகாரில் கடலைத் தொடும்போது ஒரு வாய்க்கால் அளவுக்கு வந்துவிடும். திருவையாற்றுப் பக்கம் நடுத்தரம். அக்கரைப் படித்துறையில் துணி துவைப்பவர் போடும் சத்தம் இந்தக் கரைக்குக் கேட்கும். நடக்கிறவர்களுக்கு அந்த அகலம்தான் தோதானது.

திசை விஷயத்தில் எங்கள் வீட்டில் சின்னதாக ஒரு சண்டையே நடந்தது. "ஆத்தோட போறதுன்னா தண்ணி போற பக்கம்தான் போகணும். எதிர்த்தாப்புல நடக்கிறதுக்குப் பேரு ஆத்தோட போறதா?" என்றார் அவர். "கெழக்கால நடந்தா மூஞ்சிக்கு நேரா வெயிலுங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணி எவ்வளவு நாளாச்சு உங்களுக்கு?" என்றேன் நான். கடைசியில் ஜெயித்தது வெயில்தான். காலையில் மேற்கே நடந்தால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். தை, மாசியில் அது தெற்கே சாய்ந்து எழுவதால் இடது தோளில் கொஞ்சம் உறைக்கும், அவ்வளவுதான். அப்புறம் இதில் இன்னொரு லாபம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவர் அவரே. தண்ணீரை எதிர்கொண்டு நடந்தால் மிதந்து வருவதெல்லாம் நம்மைப் பார்த்து வருகிறது. ஆகாயத்தாமரைக் கொத்து, தேங்காய் மட்டை, எந்தப் படித்துறையிலோ விட்ட மாலை. ஒரு கொத்தின் மேல் கொக்கு ஒன்று நின்றபடியே பயணம் வந்தது. எங்களைத் தாண்டும்வரை கழுத்தைக்கூட அசைக்கவில்லை.

எந்த மாதம் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். திறந்த தண்ணீர் இங்கே வந்து சேரச் சில நாள் ஆகும். ஆடிப் பெருக்கு சமயத்தில் ஆறு பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் காற்றும் புழுதியும் வெயிலும் சேர்ந்து நடக்க விடாது, படித்துறையெல்லாம் கூட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கரை மண் குழைந்துவிட்டால் ஒரு செருப்பு இரண்டு கிலோ கனக்கும், வழுக்கி விழுந்தால் இந்த வயதில் இடுப்பு. பங்குனி, சித்திரையில் போனால் ஆறு இருக்காது, மணல்தான் இருக்கும். என்னைக் கேட்டால் பொங்கல் முடிந்து மாசி பிறக்கும்வரை உள்ள நாட்கள். பனி உண்டு, ஒரு மஃப்ளர் போதும். தண்ணீர் குறையத் தொடங்கி நடுவில் மணல் திட்டுகள் தலை காட்டும், பறவைகள் அங்கே இறங்கும். இரு பக்கமும் சம்பா அறுவடை நடக்கும், அதனால் எங்கேயும் மனித நடமாட்டம் இருக்கும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி வாக்கில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வரும். பாட்டுக் கேட்கிற வீடு என்றால் அதையே குறிவைத்துப் போகலாம், இல்லையென்றால் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது, பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்கள் என்றால் திருவையாறு சேர்வதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைப் பாலத்தில் கடப்பார்கள். இருட்டு பிரியும் நேரத்தில் ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். அங்கிருந்து கும்பகோணம் போகும் வண்டியில் கணபதி அக்ரகாரம். டவுன் பஸ் கிடைத்தால் எனக்கு டிக்கெட் கிடையாது, அவர் மட்டும் சில்லறை எடுக்க வேண்டும். அதில் அவருக்கு இன்னும் ஒரு மனத்தாங்கல்.

ஊருக்குள் பிள்ளையார் கோயில் உண்டு. அந்த ஊரில் விநாயகர் சதுர்த்திக்கு வீட்டில் பிள்ளையார் வைக்கும் வழக்கம் இல்லை, ஊர் முழுக்கக் கோயிலுக்கே போய்விடும். தேங்காய் உடைத்துவிட்டுக் கரைக்கு இறங்கிவிடலாம்.

கரை என்றதும் பூங்காவில் போட்ட நடைபாதை மாதிரி நினைத்துவிடாதீர்கள். சில இடத்தில் டிராக்டர் போகும் மண் ரோடு, சில இடத்தில் ஒற்றையடிப் பாதை, சில இடத்தில் காட்டாமணக்கும் முள்ளும் மூடி வழியே இருக்காது. அங்கே பிடிவாதம் பிடிக்காமல் சாலைக்கு ஏறிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்ப இறங்க வேண்டும். யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கேட்டவுடன் அடுத்த கேள்வி, "யார் வீட்டுக்குப் போறீங்க?" என்பது. யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா நடக்கிறோம் என்றால் ஒரு நிமிடம் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். வேண்டுதலா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது சுருக்கமான வழி.

கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் படுகைதான் இந்த நடையில் நான் ரொம்ப நேரம் நிற்கும் இடம். வாழை, மூங்கில், தென்னை என்று அடைத்துக்கொண்டு நிற்கும். இலை அறுக்கிறவர்கள் விடிவதற்குள் இறங்கிவிடுவார்கள், ஏனென்றால் வெயில் ஏறினால் இலை துவண்டு போகும். ஒரு பெரியவர் அறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். ஒரு மரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதற்கு மேல் கை வைக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தார் எங்கிருந்து பெருக்கும் என்றார். வெட்டுப்பட்ட காம்பிலிருந்து முதலில் வெறும் தண்ணீராகத்தான் சொட்டுகிறது, விரலில் பட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பழுப்பு ஏறுகிறது. இலைகளை நுனி ஒரே பக்கம் வரும்படி அடுக்கி, நடு நரம்பு முறியாமல் மடித்து, மேலே காய்ந்த சருகைச் சுற்றி, வாழை நாராலேயே இறுக்கிக் கட்டினார். அந்தக் கட்டில் வெளியிலிருந்து வந்த பொருள் என்று ஒன்றுகூட இல்லை. நான் இன்னும் கிட்டே போனதும், "தள்ளி நில்லுங்கம்மா, கறை பட்டா சேலையோட போச்சு" என்றார். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் இலை கேட்பாரில்லாமல் கிடந்ததாம், தை பிறந்ததும் முகூர்த்தத்துக்கு முதல் நாள் கட்டு விலை ஏறிவிடுகிறதாம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது இலைக்காரருக்கு அப்பட்டமான கணக்கு.

கொடிக்கால் தென்பட்டால் அங்கேயும் நில்லுங்கள். அகத்தி வரிசையாக நிற்கும், அதில்தான் வெற்றிலைக் கொடி ஏறும். கொம்பும் அதுதான், நிழலும் அதுதான். உள்ளே எட்டிப் பார்த்தால் வெளியே இருக்கிற வெயில் அங்கே இல்லை. ஆனால் கேட்காமல் நுழையக் கூடாது, செருப்போடு நிச்சயமாகக் கூடாது. அந்த விஷயத்தில் கொடிக்கால்காரர்கள் கறார்.

எங்கள் வீட்டுக்காரருக்கு வயலைப் பார்த்தால் பயிர் தெரியாது, பயிர்க்கடன் தெரியும். இது சம்பா, இது தாளடி, இந்த அளவு நிலத்துக்கு அந்தக் காலத்தில் இவ்வளவு கொடுத்தோம் என்று ஆரம்பித்துவிடுவார். பாதி காதில் வாங்கமாட்டேன். ஆனால் அறுத்து முடித்த ஒரு வயலில் குனிந்து அவர் காட்டியது நினைவிருக்கிறது. வெறும் தாள் என்று நான் தாண்டிப்போன இடத்தில், தாளுக்கு நடுவே விரல்கடை உயரத்தில் உளுந்து முளைத்து நின்றது. நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, வயலில் ஈரம் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள் விதையைத் தெளித்துவிடுவார்கள். உழவு இல்லை, தனியாகப் பாய்ச்சல் இல்லை, மிச்ச ஈரமும் பனியுமே போதும். பக்கத்து வயலில் பெல்ட் வைத்த அறுவடை மிஷின் ஓடிய தடத்தில் மட்டும் அந்தக் குட்டிச் செடிகள் நசுங்கிக் கிடந்தன. கையால் அறுக்க ஆள் இல்லை, மிஷின் விட்டால் உளுந்து போகிறது, என்ன செய்வது என்று அவர் யாரிடமோ கேட்பதுபோல் சொன்னார்.

திங்களூர் கோயில் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. சந்திரன் தலம் என்பதால் திங்கட்கிழமையும் பௌர்ணமியும் கார்களாக நிற்கும், மற்ற நாளில் காற்றாடும். எனக்கு அந்த ஊர் அப்பூதி அடிகளின் ஊர். திருநாவுக்கரசரை நேரில் பார்க்காமலேயே அவர் மேல் பக்தி வைத்து, தான் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் அவர் பெயரையே வைத்தவர். அந்த வழியாக வந்த நாவுக்கரசர் பந்தலில் தன் பெயரைக் கண்டு விசாரித்து வீட்டுக்கு வருகிறார். விருந்துக்கு இலை அறுக்க வாழைத் தோட்டத்துக்குப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு கடித்துவிடுகிறது. பெற்றவர்கள் அதை மறைத்துவிட்டு விருந்து பரிமாறப் பார்க்கிறார்கள், தெரிந்ததும் அவர் பதிகம் பாடி எழுப்புகிறார். சின்ன வயதில் கதையாகக் கேட்டபோது அற்புதம்தான் பெரிதாகத் தெரிந்தது. அந்த வாழைக்கு நடுவே நடக்கும்போது பாம்புதான் பெரிதாகத் தெரிகிறது. தோட்டமும் பாம்பும் இன்றைக்கும் அங்கேயே உள்ளன. ஆகவே ஆளுக்கொரு மூங்கில் கம்பு அவசியம், சருகு மூடிய இடத்தில் முதலில் கம்பு, அப்புறம் கால். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை அரைப்பது எதுவும் வேண்டாம். அசையாமல் உட்காரவைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு.

திருப்பழனத்துக்குப் பதினொன்றரைக்குள் போய்விட வேண்டும், மதியம் நடை சாத்தினால் சாயந்திரம்தான் திறப்பார்கள். இந்த ஊர்ப் பதிகத்தில் அப்பூதியின் பெயரைச் சொல்லியே அப்பர் பாடியிருக்கிறார். திருவையாற்றைச் சேர்ந்த ஏழூரில் இதுவும் ஒன்று. சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கோடு ஊர் ஊராக நடக்கிறவர்களில் எங்களைவிட மூத்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு, அதுவும் அந்த வெயிலில். பத்து கிலோமீட்டர் என்று அம்மா தயங்கினால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சாப்பாடு படித்துறையில். புளியோதரையும் தயிர்சாதமும் போதும், தொட்டுக்கொள்ள மாவடுவோ வடுமாங்காயோ, எப்படிச் சொல்கிறீர்களோ அது. தண்ணீரில் கால் நனைக்கலாம், இறங்கிக் குளிக்க வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழம் என்று வைத்த கால் கழுத்தளவில் போய் நிற்கும். உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும், படியை விட்டு இறங்காமல்.

அங்கிருந்து திருவையாறு மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் மதியத்துக்குப் பிறகு வெயில் மேற்கே போய்விடும், காலையில் நான் ஜெயித்த வழக்கு இப்போது தோற்றுவிடும். "இப்ப சொல்லு" என்று அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். நாலரை மணிக்கு மேல் மரநிழலாகப் பார்த்து நடக்கலாம், இல்லையென்றால் பேசாமல் பஸ் ஏறிவிடலாம். நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம். பஸ்ஸில் போனதில் ஒரு குறையும் தெரியவில்லை. திருவையாற்றில் அப்பர் கதையே அதுதானே. கயிலாயம் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று முதுமையில் நடந்து, கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டும் போனவரை அங்கே ஒரு பொய்கையில் முழுகச் சொன்னார்கள், எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். ஆடி அமாவாசைக்கு அந்தக் கயிலைக் காட்சியை இன்றைக்கும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அவருக்கே பாதியில் வண்டி கிடைத்திருக்கிறது.

சாயந்திரம் புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்காரலாம். தியாகராஜர் சமாதியும் ஆற்றங்கரையில்தான், 1847-ல் அவர் மறைந்த ஊர் இது. கடைத்தெருவில் அசோகா சூடாகக் கிடைக்கும். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த விஷயம், சர்க்கரைக்காரர்கள் ஒரு ஸ்பூனோடு நிறுத்த வேண்டும். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன், அவர் இலையை வழித்துக்கொண்டே இருப்பார்.

யாரும் எழுதாத விஷயம் ஒன்று, பெண்கள் கழிப்பறை. ஆண்களுக்குக் கரை முழுக்க இடம், அவர்கள் இதை யோசிப்பதே இல்லை. திருவையாறு பஸ் நிலையத்தில் கிளம்பும்போதே முடித்துக்கொள்ள வேண்டும், வழியில் பெரிய கோயில்களில் விசாரிக்கலாம், அதுவும் இல்லையென்றால் ஏதாவது வீட்டுத் திண்ணையில் இருக்கும் அம்மாவைக் கேட்டால் முகம் சுளிக்காமல் உள்ளே கூட்டிப்போவார்கள். வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் நடப்பதுதான் ஆபத்து. பிரஷருக்கு 'தண்ணி மாத்திரை' சாப்பிடுபவர்கள் அன்றைக்கு எப்போது போட்டுக்கொள்வது என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும், தாங்களாக நிறுத்த வேண்டாம்.

காலுக்கு லேஸ் கட்டும் ஷூ சரிப்படாது. கோயிலுக்குக் கோயில் குனிந்து அவிழ்த்துக் கட்டுவதற்குள் முதுகு போய்விடும். பின்னால் பட்டை வைத்த செருப்பு, ஏற்கெனவே போட்டுப் பழகியது. புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், பிள்ளைகள் ஆசையாகச் செய்யும் காரியம் அது.

உங்கள் பெற்றோர் எந்த ஊர் என்று சொல்லவில்லை. மயிலாடுதுறைப் பக்கம் என்றால் துலாக்கட்டத்திலிருந்து தொடங்கலாம், ஆனால் ஐப்பசியில் வேண்டாம், முழுக்குக் கூட்டமும் மழையும் சேர்ந்துகொள்ளும். தஞ்சாவூர் நகரம் என்றால் முதலில் கல்லணைக் கால்வாய்க் கரையில் ஒரு வெள்ளோட்டம் விடுங்கள். 1934-ல் திறந்தது, இன்னும் ஊரில் எல்லோருக்கும் அது புது ஆறுதான். பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, வழி தவறப் பயம் இல்லை, காலையில் நடப்பவர்கள் துணைக்கு இருப்பார்கள். அங்கே ஐந்து கிலோமீட்டர் நடந்து, மறுநாள் காலை இருவரும் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கினால் போதும், தேதி குறிக்கலாம்.